மண்ணெண்ணெய்க் காரும் செம்மணி வீதியும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் 'வீடு மாறியபோது' என்ற அமர்வில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பவர் ஒருவர்தான். ஆனால் சேர்ந்து எழுதியவர்கள் ஐந்து பேர். ஐவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஐவரும் 1995ஆம் ஆண்டு நல்லூர்ப் பக்கம் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தவர்கள். இன்று இரண்டு பேர் ஊரில், ஒருவர் கொழும்பில், ஒருவர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில். தொலைபேசியில் பேசிப் பேசி, ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுத்து எழுதியதால் இதிலே 'நான்' இல்லை, 'நாங்கள்'தான்.

வீடு மாறுவதென்றால் இன்று நல்ல நாள் பார்ப்போம், பால் காய்ச்சுவோம், லொறி பிடிப்போம். வழியில் வாகனம் நின்றுவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆள் வந்துவிடும். ரொறன்ரோத் தோழி சொல்கிறார், பனிக்காலத்தில் பற்றரி இறங்கினால் இழுத்துச் செல்லும் வண்டி வரும் வரைக்கும் கோப்பிக் கடையில் போய் இருக்கலாமாம். நாங்கள் சொல்லப் போவது அப்படியான வீடு மாறுதல் அல்ல. ஒரே இரவில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒன்றாக வீடு மாறிய கதை. அந்த இடப்பெயர்வைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அதன் அரசியலையும் போரையும் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது அதன் ஒரு சிறு மூலையை மட்டும்: நடக்க முடியாதவர்களை ஏற்றிய ஒரு பழைய கார் நடு வழியில் நின்றபோது என்ன நடந்தது, அதை எது நகர்த்தியது என்பது.

முதலில் அந்தக் காலத்துக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளம் பிள்ளைகளுக்கு அது விளங்காவிட்டால் மிச்சமும் விளங்காது.

யாழ்ப்பாணத்தாருக்கும் பழைய ஆங்கிலேயக் கார்களுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. ஒஸ்ரின் ஏ40 சோமசெற் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். மொறிஸ் மைனர் 1948இல் வந்து 1971 வரை ஓடியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதுக் கார் வாங்குவது கனவாகிப் போன நாட்களில், இருந்த காரைப் பேணிப் பேணி ஓட்டும் பழக்கம் எங்கள் மண்ணில் ஊறிவிட்டது. கலியாணத்துக்கும் அதே கார், ஆஸ்பத்திரிக்கும் அதே கார். பேரப்பிள்ளையின் காலத்திலும் தாத்தாவின் ஏ40 கொட்டிலிலே நிற்கும்.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி என்று ஒரு நீண்ட பட்டியல் குடாநாட்டுக்குள் வரத் தடையானது. வானொலி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவில் மின்சாரம் எடுத்தோம். ஜாம் போத்தலில் திரி போட்டு, அந்தச் சின்னச் சுடரில் பிள்ளைகள் படித்துச் சோதனை எழுதினார்கள். அந்த நாட்களில்தான் எங்கள் பழைய கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின.

மண்ணெண்ணெயில் கார் ஓடுவது மந்திரமல்ல. பெற்றோல் குளிரிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாக வேண்டுமென்றால் சூடு வேண்டும். ஆகவே முதலில் கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இதே முறையில் ஓடும் பெர்குசன் உழவு இயந்திரங்களை 1940களின் இறுதியிலேயே இங்கிலாந்தில் விற்றிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெற்றோல் இல்லாமல் சென்னை மாகாணத்தில் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. தட்டுப்பாடு வந்தால் மனிதர் வழி கண்டுபிடிப்பார்கள். எங்கள் கராச்சுக்காரர்கள் ஒரு சின்னத் தகரப் பேணியை எஞ்சினுக்குப் பக்கத்தில் பொருத்தி, அதில் பெற்றோல் விட்டு, ஒரு திருகு குழாயும் வைத்துக் கொடுத்தார்கள். புதிய யப்பானியக் கார்களின் எஞ்சினுக்கு இந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அமுக்கம் கூடிய எஞ்சின் மண்ணெண்ணெயில் 'டக் டக்' என்று முட்டும். அமுக்கம் குறைந்த கிழட்டு ஏ40க்கும் மொறிஸ் மைனருக்கும்தான் அது ஒத்துப் போனது. மோட்டார் சைக்கிள்காரரிடம் 'சூப்பி' இருக்கும். மருந்து வந்த சின்னப் பிளாஸ்ரிக் குப்பியில் சில துளி பெற்றோல் வைத்து, அதைக் காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்துக் கிளப்புவார்கள். ஒரு சூப்பிப் பெற்றோலுக்கு அன்று இருந்த மதிப்பை இன்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு மூன்று குறைகள் இருந்தன. சூடு ஆறினால் எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. மீண்டும் பெற்றோல் வேண்டும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும். எரியாமல் கீழிறங்கும் மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். வேகமாக ஓடும்போது இவை அவ்வளவு தெரியாது. மெல்ல ஊரும்போதுதான் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த இரவுக்கு வாருங்கள்.

1995 ஒக்ரோபர் 17ஆம் திகதி 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. எறிகணைகள் நாளுக்கு நாள் நெருங்கின. தீபாவளி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை. பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வீதி வீதியாக வந்தன. எல்லோரும் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போக வேண்டும், உடனே போக வேண்டும் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. எங்களில் ஒருத்தி அடுப்பில் இருந்த சோற்றை இறக்கிவைத்து மூடிவிட்டுப் புறப்பட்டாள், நாளைக்குத் திரும்பி வந்து சாப்பிடலாம் என்ற நம்பிக்கையில்.

எங்கள் நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கார். அது எங்களில் ஒருத்தியின் தகப்பனாருடைய ஏ40. அவர் காலமாகி இரண்டு வருடம். அவளுடைய கணவர் கொழும்பில் வேலை. பாதை இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டார். மற்ற வீடுகளிலும் ஆண்கள் குறைவு: ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் முதியவர், ஒருவர் ஆஸ்பத்திரிக் கடமையில். ஆகவே ஸ்ரியறிங்கில் இருந்தது எங்கள் தோழிதான். தகப்பன் உயிரோடு இருந்தபோது பக்கத்திலே இருந்து பழகியவள். காருக்குள் யார் போவது என்பதற்கு வாக்குவாதமே வரவில்லை. பாரிசவாதத்தில் படுத்த அம்மம்மா ஒருவர். எண்பது தாண்டிய பெரியையா ஒருவர். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர். மூன்று குழந்தைகள். அவர்களுடைய மடியிலும் காலடியிலும் பால்மா, அரிசி, ஒரு பானை, உடுப்பு மூட்டைகள். மிச்சப் பேர் சைக்கிளிலும் காலிலும் காருக்குப் பக்கமாக வருவது என்று முடிவு.

பத்திரங்கள் வைத்த பை மட்டும் காரில் ஏறவில்லை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, எங்கள் எல்லோருடைய கல்விச் சான்றிதழ்களும் பொலித்தீனில் சுற்றி ஒரு பையில் இருந்தன. அதை ஒருத்தி தோளில் மாட்டிக்கொண்டாள். காரை விட்டுவிட்டுப் போக நேர்ந்தாலும் பை மனிதரோடு இருக்க வேண்டும் என்று பெரியையா சொன்னார். அன்றைக்குக் கேட்ட புத்திமதிகளில் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

நல்லூரிலிருந்து கைதடி ஐந்தாறு மைல். சைக்கிளில் அரை மணித்தியாலமும் சொச்சமும். அன்று இரவு எட்டு மணிபோல் வெளிக்கிட்டோம். செம்மணி வீதியில் ஏறியதுமே நின்றுவிட்டோம். நின்றது கார் அல்ல, வீதி. மாட்டு வண்டில், லான்ட்மாஸ்ரர், உழவு இயந்திரம், தள்ளுவண்டில், நான்கு மூட்டை தொங்கும் சைக்கிள், கதிரையில் வைத்துத் தூக்கப்பட்ட நோயாளி, கயிற்றில் பசு, கூட்டில் கோழி. நாலைந்து இலட்சம் பேர் அந்த ஓரிரு நாளில் இடம்பெயர்ந்தார்கள் என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். வலிகாமத்தையும் தென்மராட்சியையும் உப்பாறு பிரிக்கிறது. அதைக் கடக்க நாவற்குழிப் பாலம் ஒன்று, கோப்பாய்-கைதடி வீதி ஒன்று. இந்த இரண்டு ஒடுங்கிய வழிகளுக்குள்தான் அத்தனை சனமும் புக வேண்டும். அதற்குமேல் மழை.

இப்போது அந்த மூன்று குறைகளையும் நினைத்துப் பாருங்கள். கார் ஒரு அடி நகரும், பத்து நிமிடம் நிற்கும். எஞ்சினை நிறுத்தினால் ஆறிவிடும். திரும்பக் கிளப்பப் பெற்றோல் வேண்டும். பேணியில் இருந்தது ஒருதரம் கிளப்பக் காணும் அளவு. நிறுத்தாமல் விட்டால் காற்றோட்டம் இல்லாமல் றேடியேற்றர் கொதிக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். நிறுத்துவதா, விடுவதா? எங்கள் தோழி மூன்று மணித்தியாலம் அந்தக் கேள்வியோடு ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தாள். உப்பளத்துக்குக் கிட்ட வந்ததும் கேள்விக்கு இடமில்லாமல் போனது. முன்னால் ஆவி கிளம்பியது. எஞ்சின் இரண்டு தரம் உதறிவிட்டு அடங்கியது.

காருக்குள் குழந்தைகள் அழத் தொடங்கினார்கள். பின்னாலிருந்து சனம் நெருக்குகிறது. "காரை ஓரத்தில தள்ளுங்கோ" என்று ஒருவர் கத்துகிறார். ஓரம் எங்கே? இரண்டு பக்கமும் சேறும் உப்புத் தண்ணீரும். அங்கே சக்கரம் இறங்கினால் பிறகு எடுக்க முடியாது. அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால் இன்னும் மூன்று மைலுக்கு மேல் இருக்கிறது. கர்ப்பிணிப் பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள். அவள் பேசாமல் இருந்ததுதான் எங்களுக்கு மிகுந்த பயத்தைத் தந்தது.

பற்றரி எப்போதோ செத்த கார் அது. தள்ளிக் கிளப்புவதற்கு இருபது யார் வெறும் வீதி வேண்டும்; அங்கே ஒரு முழம்கூட இல்லை. இருந்த ஒரே வழி முன்னால் ஹான்டில் போட்டுச் சுழற்றுவது. அதற்கு முன் கொதி ஆற வேண்டும், தண்ணீர் விட வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், ஆனால் றேடியேற்றருக்கு விட ஒரு போத்தல் நல்ல தண்ணீர் இல்லை. கொண்டுவந்த தண்ணீர் குழந்தைகளுக்கு. அப்போது எங்களில் ஒருத்தி குடையைத் தலைகீழாக விரித்தாள். சமையல் பானையின் மூடியைத் திறந்து காரின் மேல் வைத்தோம். பெய்த மழையே வந்து நிரம்பியது. சபித்துக்கொண்டிருந்த மழை அன்று எங்களுக்கு உதவியது.

றேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்கக்கூடாது, கொதிநீர் பீறிடும் என்பது எங்கள் தோழிக்குத் தெரியும். ஈரச் சாக்கை மேலே போட்டு, ஆறவிட்டு, பிறகு சாக்கோடு சேர்த்துப் பிடித்து மெல்லத் திருகினாள். தண்ணீர் விட்டாயிற்று. ஹான்டிலைப் போட்டுச் சுழற்றினோம். ஒருவர் மாறி ஒருவர் சுழற்றினோம். எஞ்சின் இருமிக்கூடப் பார்க்கவில்லை. பேணியில் இருந்த பெற்றோல் அத்தோடு முடிந்தது.

அந்த நேரம் சைக்கிளில் இரண்டு மூட்டையும் பின்னால் தாயாரையும் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு தம்பி வந்தார். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். "அக்கா, மழை நனைஞ்சால் பிளக் பத்தாது. பொனற்றைத் தூக்குங்கோ" என்றார். சைக்கிளைக் காரோடு சாய்த்துவிட்டு, தாயாரைக் காருக்குள் இருத்தினார். சேர்ட்டின் உட்புறம் மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தது. அதைக் கழற்றி, பிளக்குக்குப் போகும் வயர்களையும் அவை வந்து சேரும் மூடியையும் உள்ளும் புறமும் துடைத்தார். எங்கள் தோழியின் காரில் பிளக் ஸ்பனர் இருந்தது. அது தகப்பனின் ஒழுங்கு. நான்கு பிளக்கும் கரிக்கட்டியாக வந்தன. சவரப் பிளேட்டால் சுரண்டி ஒவ்வொன்றாக எங்கள் கையில் தந்தார். நாங்கள் சேலைத் தலைப்பால் துடைத்து, குடைக்குக் கீழே ஈரம் படாமல் வைத்திருந்தோம். எல்லாம் பூட்டிய பிறகு, மடியிலிருந்து ஒரு சூப்பியை எடுத்தார். அதில் இருந்தது ஒரு தேக்கரண்டி அளவு பெற்றோல். அதைக் காபரேற்றருக்குள் விட்டார்.

"ஹான்டிலைப் பிடிக்கேக்க பெருவிரலை மற்ற விரலோட சேர்த்து வையுங்கோ. சுத்திப் பிடிச்சால் திருப்பி அடிக்கேக்க விரல் முறியும்" என்று சொல்லித்தான் சுழற்றினார். மூன்றாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சனமெல்லாம் "அப்பாடா" என்றது.

அந்தத் தம்பியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கேட்கவில்லை என்பதல்ல, கேட்க நேரம் கிடைக்கவில்லை. தாயாரைக் காரிலேயே வரட்டும் என்றோம். நாவற்குழிப் பாலம் வரைக்கும் பக்கத்தில் சைக்கிளோடு வந்தார். பாலம் தாண்டியதும் சொந்தக்காரர் வீடு கிட்ட என்று தாயாரை இறக்கிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சூப்பி தன் தாயாருக்கு ஏதும் என்றால் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கேட்டுப் பிடித்துக் கிளப்புவதற்காக அவர் ஒளித்து வைத்திருந்தது என்று, காரில் வந்தபோது அந்த அம்மா சொன்னா.

பாலத்துக்கு அப்பால் மீண்டும் கார் நின்றது. இந்த முறை ஒருவராலும் முடியவில்லை. அதற்குப் பிறகு அது ஓடவில்லை, தள்ளப்பட்டது. நாங்கள் ஐந்து பேரும் பின்னால். எங்களோடு யார் யார் கை வைத்தார்கள் என்று கணக்கில்லை. நூறு யார் தள்ளிவிட்டுப் போனவரும் உண்டு, கால் மைல் தள்ளிவிட்டுப் போனவரும் உண்டு. ஒரு வயோதிபர் தன் தலையில் மூட்டையோடு ஒரு கையைக் காரில் வைத்து நடந்தார். அது உதவியா ஊன்றுகோலா என்று அவருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த நாள் மத்தியானம் கைதடியில், படலை திறந்திருந்த ஒரு வளவுக்குள் காரைத் தள்ளிவிட்டோம். அந்த வீட்டுக்காரர் எங்களை முன்பின் அறியாதவர்கள். ஏற்கெனவே அந்த வளவில் ஐம்பது அறுபது பேர். அந்த வீட்டு அம்மா கஞ்சிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தவ. "வாங்கோ, குழந்தைப்பிள்ளையளை முதல் உள்ளுக்கு விடுங்கோ" என்றா. வேறொன்றும் கேட்கவில்லை.

எல்லோரும் எங்களைப் போல் போய்ச் சேரவில்லை. அந்த வீதியிலேயே உயிர் விட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். மழையில் குழந்தையை இழந்த தாய்மார் இருக்கிறார்கள். வழியில் நின்ற வாகனங்களை விட்டுவிட்டு, நோயாளிகளைத் தோளில் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கார் போய்ச் சேர்ந்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு தேக்கரண்டி பெற்றோலும் ஒரு காய்ந்த துணியும் எங்களுக்குக் கிடைத்தன, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அம்மம்மா மட்டுவிலில் ஒரு கொட்டிலில், மூன்று கிழமை கழித்துக் கட்டிலில்தான் கண்ணை மூடினா. வீதியில் அல்ல. அந்த மூன்று கிழமைக்கு நாங்கள் இன்றைக்கும் கடன்பட்டவர்கள். கர்ப்பிணியாக வந்தவளுக்கு அடுத்த தையில் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பிள்ளையும் எங்கள் கல்லூரியில்தான் படித்தாள்.

தென்மராட்சியில் ஆறு மாதம். பள்ளிக்கூடங்களிலும் கோவில்களிலும் தேவாலயங்களிலும் மரத்தடிகளிலும் சனம். 1996 ஏப்ரலில் போர் தென்மராட்சிக்கும் வந்தது. ஒரு பகுதியினர் கிளாலி கடந்து வன்னிக்குப் போனார்கள். பெரும்பகுதியினர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள், நாங்களும் திரும்பினோம். கதவில்லாத வீட்டுக்குள் போனபோது அடுப்படியில் அந்தச் சோற்றுப் பானை அப்படியே மூடியபடி இருந்தது. கார் பல மாதம் கைதடி வளவிலேயே நின்றது. அந்த வீட்டார் அதற்குக் கிடுகு வேய்ந்து வைத்திருந்தார்கள். திருப்பி எடுக்கப் போனபோது காசு கொடுக்கப் பார்த்தோம். "காருக்கு வாடகை வாங்கின வீடெண்டு பெயரெடுக்கவோ?" என்று சிரித்துவிட்டார்கள்.

இதை ஏன் பழைய மாணவிகளின் நூற்றாண்டு விழாவில் சொல்கிறோம்? இரண்டு காரணங்கள்.

முதலாவது, எங்கள் படிப்பைப் பற்றியது. எங்கள் ஐவருக்கும் இந்தக் கல்லூரி நல்ல கல்வி தந்தது. இருவர் ஆசிரியைகள், ஒருவர் கணக்காளர், ஒருவர் தாதி, ஒருவர் வங்கியில். பௌதிகத்தில் ஆவியாதலும் மறை வெப்பமும் படித்தோம். மனையியலில் கறை நீக்கப் படித்தோம். ஆனால் ஒரு பிளக்கை எப்படிக் கழற்றுவது, ஹான்டிலை எப்படிப் பிடிப்பது என்பதை நள்ளிரவில் மழைக்குள் முன்பின் தெரியாத ஒரு தம்பியிடம்தான் கேட்டோம். மண்ணெண்ணெய் ஏன் குளிரில் பற்றாது என்ற கேள்விக்கு விடை எங்கள் கொப்பியிலேயே இருந்தது. அதைக் காரோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் பெண் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் தரப்படவில்லை. அது ஆண்களின் வேலை என்று வீடு சொன்னது, ஊர் சொன்னது. அந்த இரவில் காரைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். போர் எங்கள் ஆண்களை ஒவ்வொரு திசைக்கு அனுப்பிவிட்டு, வாகனத்தையும் வயோதிபரையும் குழந்தைகளையும் எங்கள் கையில் தந்தது. ஸ்ரியறிங்கைப் பிடித்த எங்கள் தோழி தகப்பனிடம் பார்த்துப் பழகிய அந்தக் கொஞ்சமும் இல்லாவிட்டால், அந்தத் தம்பி வருவதற்கு முன்பே எங்கள் கார் உப்பளத்துச் சேற்றுக்குள் போயிருக்கும்.

இது போர்க்காலத்துக்கு மட்டும் உரிய பாடமல்ல. 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை இன்றைய மாணவிகளும் கண்டீர்கள். ஜூலை மாதத்தில் கியூ.ஆர். அட்டை வந்த பிறகுதான் வரிசை குறைந்தது. அந்த நாட்களில் நாங்கள் மூலையில் கிடந்த சைக்கிள்களைத் துடைத்து எடுத்தோம். மற்ற ஊர்களில் திகைத்தவர்கள் இருக்க, யாழ்ப்பாணத்து வயதானவர்கள் "இது எங்களுக்குப் பழகினதுதானே" என்றார்கள். 1940இல் ஜேர்மன் படை நெருங்கியபோது பரிஸ் நகரிலிருந்து இலட்சக்கணக்கானோர் தெற்கே ஓடினார்கள். பெற்றோல் தீர்ந்த கார்கள் வழிநெடுக நின்றன. குதிரை வண்டியும் சைக்கிளும் தள்ளுவண்டியும் அவற்றைத் தாண்டிப் போயின. செம்மணி வீதியைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சியைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. இடம்பெயர்வது யாருக்கும் வரலாம். அப்போது கையில் இருப்பது நாங்கள் பழகி வைத்திருக்கும் வேலை மட்டும்தான்.

ஆகவே எங்கள் வகுப்பின் சார்பில் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு பின்னேரம் உயர்தர மாணவிகளுக்கு ரயர் மாற்றவும், பற்றரி இணைக்கவும், றேடியேற்றரைப் பாதுகாப்பாகத் திறக்கவும், வீட்டு மின் உருகி மாற்றவும், நடக்க முடியாத ஒருவரை இருவர் சேர்ந்து தூக்கவும் பழக்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டுக்கான செலவை நாங்கள் ஐவரும் ஏற்கிறோம். கற்பிக்க மெக்கானிக் ஒருவரும் தாதி ஒருவரும் போதும். தாதி எங்களிடமே இருக்கிறார். பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று யாரும் கேட்டால், இந்த உரையை வாசிக்கக் கொடுங்கள்.

இரண்டாவது காரணம், பதிவைப் பற்றியது. அந்த இடப்பெயர்வு வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு திகதியாகவும் ஒரு தொகையாகவும் நிற்கிறது. முப்பது ஆண்டுகளாகிவிட்டன. அன்றைக்குக் காரைத் தள்ளிய கைகளில் பல இன்று இல்லை. எங்கள் ஐவரில் ஒருவருக்கு இப்போதே அந்த இரவின் பாதி மறந்துபோய்விட்டது. குடையைத் தலைகீழாகப் பிடித்தது தான்தான் என்பதை நாங்கள் சொல்லித்தான் அவர் அறிந்தார். தொகைகளை யாரும் எழுதுவார்கள். பிளக்கைச் சுரண்டிய சவரப் பிளேட்டையும், கைதடிக் கஞ்சியையும், காருக்கு வேய்ந்த கிடுகையும் நாங்கள் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை. இந்தச் சபையில் இருக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. தனியே எழுத முடியாதென்றால் எங்களைப் போல் நாலைந்து பேர் சேருங்கள். வன்னிக்குப் போனவர்களின் கதை எங்களுடையதைவிட நெடியது, கடியது. அவர்கள் விரும்பும்போது, விரும்பும் அளவுக்கு அதைச் சொல்லச் சங்கம் இடம் தர வேண்டும். நூலக அறையில் ஒரு அலுமாரி போதும்.

இந்த உரை எங்காவது அச்சாகி, எங்காவது ஒரு வீட்டில் நாற்பத்தைந்தோ ஐம்பதோ தாண்டிய ஒருவர் அதை வாசிக்க நேர்ந்தால், அவர் 1995 ஒக்ரோபர் 30 இரவு உப்பளத்தடியில் ஒரு சூப்பிப் பெற்றோலை முன்பின் தெரியாத பெண்களுக்குக் கொடுத்தவராக இருந்தால், அவருக்கு இந்தச் சபையின் முன்னால் நாங்கள் நன்றி சொல்கிறோம். கைதடி வளவுக்காரருக்கும் நன்றி சொல்கிறோம். நூறு யார் தள்ளிவிட்டுப் போனவர்களுக்கும் அப்படியே.

சங்கம் இன்னும் பல்லாண்டு வாழ்க.